வரிசையில் நின்ற பிணங்கள்

விதி இப்படிச் சொல்கிறது: விண்ணப்பம் பெறப்பட்ட நாளிலிருந்து முப்பது நாட்களுக்குள் முடிவு தெரிவிக்கப்படாவிட்டால், கோரிய அனுமதி வழங்கப்பட்டதாகவே கருதப்படும்.

இதை எழுதியவர் யாரென்று தெரியாது. நல்ல மனிதராக இருந்திருக்க வேண்டும். நான் விண்ணப்பம் அனுப்பிய முப்பத்தோராம் நாள் காலையில், மேனாம்பேட்டில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, இந்த வாக்கியத்தை என் மகள் பியூலாவுக்கு இரண்டு முறை உரக்கப் படித்துக் காட்டினேன். அதன் பலத்தில்தான் அடுத்து வந்த சனிக்கிழமை, பூந்தமல்லியில் ஒரு பழைய அலுவலக வளாகத்துக்குள் பதினெட்டுப் பிணங்களை அழைத்துக்கொண்டு போனோம்.

எந்தத் துறையின் அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. ஓய்வூதியம் வாங்குகிறவன்.

பிணங்கள் அனைவரும் எங்கள் பகுதி ஓய்வூதியர் சங்கத்து உறுப்பினர்கள். முகத்தில் மைதா மாவு, வாயோரத்தில் பீட்ரூட் சாறு, கண்ணைச் சுற்றிக் காபித்தூள், காலில் நீலச் சாயம். காலை ஒன்பது மணிக்கே ஈ மொய்க்க ஆரம்பித்துவிட்டது. வாசலில் மெட்ரோ வேலைக்காக நின்றிருந்த கிரேன் ஓட்டுநர் எட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"சார், ஒரு டவுட்டு" என்றார் கபூர் பாய். பூந்தமல்லியில் மெத்தைக் கடை வைத்திருப்பவர். சங்க உறுப்பினர் இல்லை. கணக்குக்குப் பத்தொன்பதாவது பிணம்; முக்கியப் பிணமும் அவர்தான். "செத்தவன் நடக்கச்சொல்லோ மொதல்ல வலது கால் வெப்பானா, எடது காலா?"

"விதி எதுவும் இல்லை பாய்."

"இன்னா சார், ஒங்ககிட்டயே விதி இல்லன்னா எப்டி?"

நியாயமான கேள்விதான். என் பணிக்காலத்தின் பெரும்பகுதி அந்த வளாகத்திலேயே, நான்காம் எண் கவுண்ட்டரின் கம்பிக்கு உட்புறம் கழிந்தது. பிறப்பு, இறப்புப் பதிவு. செத்தவர்களைப் பற்றி எனக்கு நிறையத் தெரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு.

அலமாரியில் போர்வைதான் இருக்கிறது

பியூலா வங்கியில் அதிகாரி. முப்பத்தாறு வயது. சென்ற ஆண்டு சம்பளமில்லா விடுப்பு எடுத்தாள், ஒரு வருடத்துக்கு. காரணம் கேட்டேன். "ஜாம்பி படம் எடுக்கணும் டாடி" என்றாள். விடுப்புப் படிவத்தில் 'சொந்தக் காரணங்கள்' என்று எழுதச் சொன்னேன். அது எல்லாவற்றையும் தாங்கும்.

கொரியாவில் ஒரு கடலோர நகரத்தில் ஒரு பயிற்சிப் பட்டறை நடக்கிறது. நடைப்பிணப் படங்களால் பெயர் பெற்ற இயக்குநர் ஒருவர் நடத்துவது. பல நாடுகளிலிருந்து குறும்படங்களைப் பார்த்து எட்டே எட்டுப் பேரை எடுத்துக்கொள்கிறார்கள். அதில் இடம் கிடைத்தால் வேலையை விட்டுவிடுவாள். கிடைக்காவிட்டால் ஏப்ரல் முதல் தேதி வங்கிக்குத் திரும்பி, அதோடு சினிமாப் பேச்சை விட்டுவிடுவாள். இது அவள் தனக்குத்தானே போட்டுக்கொண்ட ஒப்பந்தம். சாட்சி நானும் அவள் அம்மா எஸ்தரும்.

பாடம் படிப்பதுபோல மதிய வேளைகளில் அந்தப் படங்களைப் பார்த்தாள். நானும் கூட உட்கார்ந்தேன். எஸ்தர் சமையலறை வாசலில் நின்றபடி, பார்க்காததுபோலப் பார்ப்பாள்.

"எழும்புறதுன்னா ஞாயித்துக்கெழம காலைல, அமைதியா எழும்பணும். இப்படியா ஆளைக் கடிச்சிக்கிட்டு எழும்புவாங்க?" என்பது அவளுடைய முதல் விமர்சனம்.

மேல்நாட்டுப் பழைய படங்கள் எனக்கு ஒட்டவில்லை. பிணம் வந்தவுடன் எல்லோரும் அலமாரியைத் திறந்து துப்பாக்கி எடுக்கிறார்கள். எங்கள் வீட்டு அலமாரியில் கிறிஸ்மஸுக்கு வாங்கிய போர்வைகள்தான் இருக்கின்றன.

கொரியர்களின் படங்களிலும் துப்பாக்கி இல்லை. குடை இருக்கிறது, துடைப்பம் இருக்கிறது, இழுத்து மூடும் ஷட்டர் இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பும் பள்ளிக்கூடமும் ரயில் பெட்டியும்தான் களம். பிணம் கடிப்பது அரை நிமிடம். மீதி நேரமெல்லாம், ஓடி வருகிறவனுக்குக் கதவைத் திறப்பதா வேண்டாமா என்று உள்ளே இருக்கிறவர்கள் வாதாடுகிறார்கள். தொலைக்காட்சியில் ஓர் அதிகாரி தோன்றி, நிலைமை கட்டுக்குள் இருக்கிறது என்கிறார். அந்த அதிகாரியை எனக்குத் தெரியும். பெயர்தான் வேறு.

"இந்தப் படத்துல யாரும் சுற்றறிக்கையே அனுப்பலையே" என்றேன் ஒரு நாள்.

"அதான் டாடி படமே" என்றாள் பியூலா.

ஜப்பானியர்கள் வேறு வகை. கையில் காசில்லாத நாலு நண்பர்கள் சேர்ந்து, பயத்தையே சிரிப்பாக்கிவிடுகிறார்கள். தைவான் படம் ஒன்றைப் பத்தாவது நிமிடத்தில் நிறுத்தச் சொன்னாள் எஸ்தர். அதன் பிறகு நாலு நாள் எங்கள் வீட்டில் தக்காளிச் சட்னி அரைக்கவில்லை.

ஆனால் மூவருக்கும் பொதுவான ஒன்றைப் பியூலா எனக்கு எடுத்துக் காட்டினாள். அவர்கள் தங்கள் ஊர்க்காரனின் பழக்கத்தைப் பிணத்திடமிருந்து பிடுங்கிக்கொள்வதில்லை. மாணவன் செத்த பிறகும் மாணவனைப்போலவே மணியடித்தால் திரும்புகிறான். அலுவலகம் போகிறவன் கழுத்தில் அடையாள அட்டையோடு திரிகிறான். கடி மனிதனை மாற்றிவிடுகிறது, பழக்கத்தை அதனால் தொட முடிவதில்லை. அதனால்தான் அந்தப் பிணங்களைப் பார்த்தால் பயமும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

"நம்ம ஊர்ப் பிணம் எங்க போகும் டாடி?" என்று கேட்டாள்.

யோசிக்காமல் சொன்னேன். "கவுண்ட்டருக்கு."

எப்ப செத்தேன் சார்?

யோசிக்காமல் சொன்னதற்குக் காரணம் உண்டு.

நான் பணியில் சேர்ந்த புதிதில் ஒரு லாரி ஓட்டுநர் நான்காம் எண் கவுண்ட்டருக்கு வந்தார். சட்டையெல்லாம் செம்மண். கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"சார், நான் செத்துட்டேன்னு எய்திகீதாமே?"

பதிவேட்டைப் புரட்டினேன். எழுதியிருந்தது.

"எப்ப செத்தேன்?"

"போன ஆடி மாசம்."

"இன்னா நோவு?"

"மாரடைப்பு."

அவர் தன் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டார். எனக்கு இன்றும் மறக்காத காட்சி அது. ஒரு கணம் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

நடந்தது இதுதான். உறவுக்காரர் ஒருவர் படிவம் கொடுத்திருக்கிறார். அதில் கையெழுத்து இல்லை. ஊழியர் ஒருவர், 'பரவாயில்லை, இப்போது போடுங்கள், பழைய தேதியே இருக்கட்டும்' என்று இரக்கப்பட்டிருக்கிறார். ஒரு நிமிட இரக்கம்; பழைய தேதி இருந்ததால் விசாரணை இல்லாமலே பதிவாகிவிட்டது. அந்தப் பதிவை நீக்க இரண்டு ஆண்டு ஆயிற்று.

அந்த இரண்டு ஆண்டும் அவர் மாதம் தவறாமல் வருவார். வரிசையில் தன் செருப்பைக் கழற்றி வைத்து இடம் பிடித்துவிட்டு வேப்பமர நிழலில் உட்காருவார். அவர் முறை வந்ததும் கம்பிக்குப் பக்கத்தில் சிரிப்பார்.

"இன்னும் சாவுதானா சார்?"

சாப்பாட்டு மேசையில் இதை நான் பல முறை சொல்லியிருக்கிறேன், நகைச்சுவையாக. குழந்தையாக இருந்த பியூலா சிரித்ததே இல்லை. அவளுடைய படத்தின் கதை அதுதான் என்று படப்பிடிப்புக்கு முந்தைய வாரம்தான் எனக்குத் தெரிந்தது. ஊரில் நோய் பரவுகிறது. செத்தவர்கள் எழுந்து நேராகக் கவுண்ட்டருக்கு வருகிறார்கள். தாங்கள் சாகவில்லை என்று எழுதி வாங்க வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்கு.

ஆக்‌ஷன்

அந்த வளாகத்துக்கு மீண்டும் வருவோம். அலுவலகம் குமணன்சாவடிப் பக்கம் புதுக் கட்டடத்துக்கு மாறிப் பல ஆண்டுகளாகிறது. பழைய கட்டடத்துக்குப் பூட்டு உண்டு, வளாகத்துக்குக் கதவு இல்லை. எங்களுக்கு வேண்டியது முற்றமும் வெளிப்பக்கத்துக் கவுண்ட்டர் சன்னல்களும் மட்டுமே.

பிணங்கள் கூட்டமாகப் பாய்ந்து, ஒருவர்மேல் ஒருவர் ஏறி, நான்காம் எண் கவுண்ட்டரை மோத வேண்டும். கொரியப் படங்களில் இதற்கு நடனக்காரர்களை வைத்துப் பழக்குகிறார்கள். பியூலாவும் சொல்லிக் கொடுத்தாள்.

"பாய், முட்டி உள்பக்கமா மடங்கணும்."

"அது ஏற்கெனவே அப்டித்தாம்மா மடங்குது. டாக்டர் ஆப்ரேசன் பண்ணச் சொல்லிகீறாரு."

பியூலா "ஆக்‌ஷன்" என்றாள்.

பிணங்கள் உறுமிக்கொண்டு வந்தன. கவுண்ட்டருக்குப் பத்தடி முன்பு வேகம் குறைந்தது. ஒருவர்பின் ஒருவராக நின்றன. பெண் பிணங்கள் தாங்களாகவே இடப்பக்கம் தனி வரிசை போட்டுக்கொண்டன.

"கட்! யாரு உங்களை வரிசைல நிக்கச் சொன்னது?"

"கவுண்ட்டர் கீதேம்மா" என்றார் பாய்.

மூன்று முறை எடுத்தாள். மூன்று முறையும் வரிசைதான். நாற்பது வருடம் பென்ஷன், ரேஷன், மின்கட்டணம் என்று பழகிய உடம்புகள். உறுமச் சொன்னால் உறுமுகின்றன. வரிசையை மீறச் சொன்னால் உடம்பு கேட்கமாட்டேன் என்கிறது. மூன்றாவது முறை ஒரு பிணம், "சார், லைன்ல வாங்க" என்று இன்னொரு பிணத்தைக் கண்டித்தது.

பியூலாவின் கண் கலங்கிவிட்டது. கேமராவை அன்று மாலைக்குள் திருப்பித் தர வேண்டும். எலுமிச்சை சாதப் பொட்டலம் கொடுத்து எல்லோரையும் சாப்பிட அனுப்பினாள். தலையைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள்.

சற்று நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தவள் அசையாமல் இருந்தாள்.

முற்றத்தில் யாரும் இல்லை. எல்லோரும் வேப்பமர நிழலுக்குப் போய்விட்டார்கள். ஆனால் மூடிய கவுண்ட்டருக்கு முன்னால் வெயிலில் பத்தொன்பது ஜோடிச் செருப்புகள் வரிசையாக நின்றன. தேய்ந்த ரப்பர் செருப்புகள், வார் அறுந்து ஊக்கு குத்திய ஒன்று, டாக்டர் கொடுத்த மெத்தென்ற ஒரு ஜோடி. அடுத்த ஷாட்டில் தங்கள் இடம் போய்விடக்கூடாது என்று விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

பியூலா எழுந்தாள். கேமராவைத் தரையோடு வைத்தாள்.

படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் பிணம் சாதம் ஒட்டிய கையோடு வந்து, முன்னாலிருந்த ஒரு ஜோடியைக் காலால் நகர்த்தித் தன்னுடையதை முன்னே வைத்துவிட்டுப் போனது. சிறிது நேரத்தில் இன்னொரு வெறும் கால் வந்து அதை மறுபடி பின்னால் தள்ளியது. கணுக்கால் வரை நீலச் சாயம். பியூலா எதையும் நிறுத்தவில்லை.

படத்தின் கடைசிக் காட்சி அதுதான். மூடிய கவுண்ட்டர், செருப்பு வரிசை, தன் முறையைக் காத்துக்கொள்ளும் ஒரு நீலக்கால்.

உங்கள் பிணங்கள் காத்திருக்கின்றன

மார்ச் மாத முதல் வாரத்தில் கொரியாவிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அந்த இயக்குநரே நாலு வரி எழுதியிருந்தார். பியூலா தமிழில் சொன்னாள்: "எங்கள் பிணங்கள் ஓடுகின்றன. உங்கள் பிணங்கள் காத்திருக்கின்றன. எனக்கு அதுதான் அதிக பயமாக இருந்தது. செருப்புகளை அப்படி வைக்கச் சொன்னது நீங்களா?"

"நான்தான்னு எழுது" என்றாள் எஸ்தர்.

பியூலா வேறு விதமாக எழுதினாள்: "நான் சொல்லவில்லை. அவர்கள் வைத்தார்கள். நான் பார்த்தேன்."

இரண்டு நாளில் இடம் உறுதி என்று பதில். நான் மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியைச் சரிபார்ப்பதுபோலச் சற்று நேரம் நின்றேன். ஆவடிப் பக்கம் ரயில் கூவியது. எனக்கு அழுகை வராது என்று வீட்டில் எல்லோரும் நம்புகிறார்கள், அதை ஏன் கெடுக்க வேண்டும்.

உறுதிக் கடிதத்தின் அடியில் ஒரு நிபந்தனை இருந்தது. படப்பிடிப்பு நடந்த இடத்தின் அனுமதிக் கடிதத்தை மார்ச் முடிவதற்குள் அனுப்ப வேண்டும். இல்லையென்றால் இடம் அடுத்தவருக்கு.

நான் அந்த விதியை எடுத்து மறுபடி படித்தேன்.

"டாடி, கொரியாக்காரங்ககிட்டப் போய் 'கருதப்படும்'னு எப்படிச் சொல்றது? அவங்க பேப்பர் கேக்கறாங்க."

அலுவலக நகல்

மறுநாள் புது அலுவலகத்துக்குப் போனேன். ஒரு விண்ணப்பத்துக்கு மாதக்கணக்கில் பதில் போடாத துறையைப் பற்றி, பேருந்திலேயே ஓர் அருமையான புகார்க் கடிதத்தை மனதுக்குள் எழுதி முடித்திருந்தேன். மூன்று பத்தி. கடைசிப் பத்தி மிக நன்றாக வந்திருந்தது.

பிரிவு எழுத்தர் ஒரு நடுவயதுப் பெண்மணி. கோப்பைத் தேட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"சார், இதுல உங்க கையெழுத்தே இல்லையே."

"இருக்குமே?"

"பாருங்க. மேல 'அலுவலக நகல்'னு சீல் வேற அடிச்சிருக்கு. வேற யாருக்கோ எழுதினதை எங்களுக்குத் தகவலுக்கு அனுப்பியிருக்கீங்கன்னு பைல்ல வெச்சிட்டோம்."

முத்திரை என்னுடையது. ஓய்வுபெற்ற அன்று ஞாபகார்த்தமாகச் செய்துகொண்டது. கையெழுத்திட்ட அசலை என் வீட்டுக் கோப்பில் வைத்துக்கொண்டு, நகலைத் தபாலில் சேர்த்திருக்கிறேன். எந்தக் கடைநிலை எழுத்தரும் முதல் வாரத்திலேயே செய்து திட்டு வாங்கும் தவறு. நானே எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்!

அந்த விதிக்கு முன்னால் இன்னொரு வாக்கியம் உண்டு: 'முறையாகக் கையொப்பமிடப்பட்ட விண்ணப்பம்'. அதை நான் படித்துக் காட்டவில்லை. படித்துக் காட்ட வேண்டிய அவசியம் எனக்கு நேரும் என்று தோன்றவில்லை.

என் முகத்தைப் பார்த்து அந்தப் பெண்மணிக்கு இரக்கம் வந்துவிட்டது. சுற்றிலும் பார்த்துவிட்டுக் கோப்பை என் பக்கம் தள்ளினார்.

"இங்கயே ஒரு கையெழுத்துப் போட்ருங்க சார். பழைய தேதிதான் இருக்கு. முப்பது நாள் எப்பவோ தாண்டியாச்சு. விதிப்படி அனுமதி கொடுத்ததா இன்னிக்கே லெட்டர் வாங்கித் தர்றேன். பொண்ணு படிக்கப் போவுதுன்றீங்க."

பேனா என் கையில்தான் இருந்தது. மூடியையும் திறந்துவிட்டேன்.

லாரி ஓட்டுநர் தன் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டது ஞாபகம் வந்தது. அவரைச் சாகடித்ததும் இதே மாதிரி ஒரு நல்ல மனசுதான்.

பேனாவை மூடினேன். அங்கேயே ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, புதிதாக எழுதினேன். முந்தைய விண்ணப்பம் என் தவறால் கையொப்பமின்றி வந்தது, அனுமதி கிடைத்ததாக எண்ணிப் படப்பிடிப்பு நடத்திவிட்டோம், நடந்ததை ஏற்றுப் பின்னேற்பு ஆணை வழங்க வேண்டும். கையெழுத்து. அன்றைய தேதி.

"எழுதிட்டீங்களே சார், எடுத்தாச்சுன்னு!" என்றார் அவர். "மேல இருக்கறவங்க முடியாதுன்னா முடியாதுதான்."

"தெரியும்மா."

வீட்டில் சொன்னேன். எஸ்தர் கேட்டவுடன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். சிரிப்புச் சத்தம் குழாயடி வரை கேட்டது. பியூலா என் கோப்பைத் திறந்தாள். அசல் பத்திரமாக இருந்தது. துளை போட்டு, நாடா கட்டி.

அவள் நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினாள். பிறகு சொன்னாள்: "இப்ப போடாதது சரி டாடி. ஆனா மொதல்லயே அனுப்பினதுல போட்டிருக்கலாம்."

மூன்று வாரம்

அந்த மூன்று வாரத்தில் நான் கற்றுக்கொண்டதைப் பணிக்காலம் முழுவதும் கற்கவில்லை. கம்பிக்கு வெளியே ஒரு நாள் எவ்வளவு நீளம் என்பதுதான் அது.

வாரம் இரண்டு முறை போனேன். இரண்டாவது வாரம் கபூர் பாயும் கூட வந்தார். அவருக்கு அங்கே வேலை ஒன்றுமில்லை.

"அண்ணாத்தே, நீ போய் ஃபேனாண்ட குந்து. நான் நிக்கறேன். செத்து நின்ன எனக்கு உசுரோட நிக்கத் தெரியாதா?"

சற்று நேரத்தில் அவரும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார். நான் அந்த ஜோடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உலகத்தின் மறுகோடியில் ஒரு பெரிய கலைஞனைப் பயப்படுத்திய செருப்பு. என் மகள்தான் அதைப் பார்த்தவள். நான் அதே முற்றத்தைக் கம்பி வழியே எத்தனையோ வருடம் பார்த்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் இன்னும் எத்தனை பேர் பாக்கி என்பதுதான்.

வங்கிக்கு இரண்டு கடிதங்கள் தயாராக இருந்தன. ஒன்று பணிக்குத் திரும்பும் கடிதம், இன்னொன்று பணி விலகல். பியூலா இரண்டையும் மேசைமேல் கண்ணாடிப் பேப்பர்வெயிட்டுக்கு அடியில் வைத்திருந்தாள். தினமும் காபி குடிக்கும்போது மூவரும் அவற்றைப் பார்க்காமல் பேசுவோம்.

கடைசியில் தபால்காரம்மா மதியம் வந்து மணியடித்தார். பழுப்பு உறை. ஒன்றரைப் பக்கம். ஐந்து நிபந்தனைகள். அலுவலகப் பெயர்ப்பலகை படத்தில் தெரியக்கூடாது. இனி முன் அனுமதி பெறாமல் எதுவும் செய்யக்கூடாது. விண்ணப்பதாரர் வருங்காலத்தில் கையொப்பமிட்ட அசலை மட்டுமே அனுப்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் பிறகு, கடைசி வரியில், நடந்து முடிந்த படப்பிடிப்பு ஏற்கப்படுகிறது.

மூன்றாவது நிபந்தனையை எழுதியது யார் என்று யூகிக்க முடிகிறது. நல்ல வரைவு. நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

பியூலா ஆணையைப் படம் பிடித்துக் கொரியாவுக்கு அனுப்பினாள். பிறகு பேப்பர்வெயிட்டைத் தூக்கி, பணிக்குத் திரும்பும் கடிதத்தை இரண்டாகக் கிழித்தாள். விலகல் கடிதத்தின் அசலையும் நகலையும் என் முன்னால் விரித்து வைத்தாள்.

"எதுக்கும் ரெண்டுலயும் கையெழுத்துப் போட்டுட்டேன் டாடி."

நான் உள்ளே போய் என் முத்திரைப் பெட்டியைக் கொண்டு வந்தேன். 'அலுவலக நகல்' முத்திரையைத் தனியே எடுத்து எஸ்தரிடம் கொடுத்துவிட்டேன். மற்றொன்றில் தேதிச் சக்கரத்தைத் திருப்பி, மையில் ஒற்றி, ஆணையின் வலது ஓரத்தில் கோணாமல் அடித்தேன்.

பெறப்பட்டது. மார்ச் 30.